கண்ணாடிக் குழாயில் விளையும் பாசி

ஸ்பைருலினா, குளோரெல்லா என்ற பெயர்களில் பச்சை மாத்திரைகள் இப்போது பரவலாக விற்பனையாகின்றன. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, ஹலால்தானா என்று நம்மிடம் கேட்கிறார்கள். அது எப்படி விளைகிறது என்பதை அறிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

இரண்டும் நீரில் வாழும் நுண்ணுயிர்கள். ஸ்பைருலினாவைப் பாசி என்று அழைத்தாலும் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. வெளிச்சம், கரியமில வாயு, நீர், சில உப்புகள் இருந்தால் போதும், பெருகிவிடும். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் கானெம்பு முஸ்லிம் பெண்கள் இதை அள்ளி, காயவைத்து அடையாக்கி, குழம்பில் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. 'திஹே' என்பது அதன் பெயர்.

திறந்த குளத்தில் வளர்ப்பதே மலிவு. ஆனால் தூசி விழும், வேறு பாசிகளும் கலந்துவிடும். காரத்தன்மை மிகுந்த நீரில் வளர்வதால் ஸ்பைருலினா ஓரளவு தப்பிக்கிறது. குளோரெல்லாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் மூடிய கலன்கள் வந்தன. ஜெர்மனியின் கிளோட்ஸ என்ற ஊரில் 500 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய்களை அமைத்து, அவற்றுக்குள் குளோரெல்லாவை ஓடவிட்டு வளர்த்தார்கள்.

இவ்வளவு நீளம் எதற்கு? பாசி பெருகப் பெருக நீர் கரும்பச்சையாகிவிடும். சில சென்டிமீட்டருக்கு மேல் வெளிச்சம் உள்ளே போகாது. சுவரோரம் இருப்பவை அளவுக்கு மீறிய ஒளியால் பாதிக்கப்படும், நடுவில் இருப்பவை இருட்டில் வாடும். ஆகவே பெரிய தொட்டி உதவாது. குழாய் மெலிதாக இருக்க வேண்டும், பம்பு ஓயாமல் நீரைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவை வெளிவிடும் ஆக்சிஜனே உள்ளே தேங்கி அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதால் அதையும் வெளியேற்ற வேண்டும். எல்.இ.டி. விளக்கு வைத்தால் இரவிலும் வளரும். ஆனால் அந்த ஒளியில் சிறு பங்குதான் பாசியில் சேரும், மீதியெல்லாம் மின்கட்டணம்! விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி கேள்விக்கு வருவோம். தீங்கோ போதையோ இல்லாதவரை பாசியை உண்ணத் தடையில்லை. கவனிக்க வேண்டியது அதன் உறையை. கேப்ஸ்யூல் ஜெலட்டினால் ஆனது என்றால் அது எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். அழுத்திச் செய்த மாத்திரைக்கும் தூளுக்கும் உறை கிடையாது.

ஸ்பைருலினாவில் பி12 நிறைய இருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். அதில் பெரும்பகுதி நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தவர்கள் இதை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திறந்த நீரில் விளைந்த சரக்கு என்றால், ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சுக்குச் சோதித்தார்களா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.