சீன மண்ணில் அயல்நாட்டு அஞ்சலகங்கள்: அஞ்சல் உறை சேகரிப்பும் தமிழ் வரலாற்றாய்வும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் 1922 வரை சீனத் துறைமுக நகரங்களில் பல அயல்நாடுகள் தத்தம் அஞ்சலகங்களை நடத்தின. 1900-இல் சீனா சென்ற படையினருக்காக இந்திய அஞ்சல்துறையும் அங்குக் கள அஞ்சலகங்களைத் திறந்தது. அவற்றின் வழியே சென்ற கடித உறைகள் இன்று சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. அவ்வுறைகளை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அஞ்சல்தலையின் அருமையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட சேகரிப்பு, எளிய மக்களின் கடிதச் சான்றுகளை அழியவிடுகிறது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்

அஞ்சல் வரலாறு, அயல்நாட்டு அஞ்சலகம், கள அஞ்சலகம், மேலச்சு, அஞ்சல் உறை, சென்னை மாகாணப் படை, ஆவணக் காப்பு.

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி, நாணயம் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்ளும் மரபு தமிழ் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. அஞ்சல் உறைக்கு அத்தகைய இடம் இன்னும் கிடைக்கவில்லை. கடிதத்தின் உள்ளடக்கம் இலக்கிய வரலாற்றாசிரியரால் போற்றப்படுகிறது. அதைச் சுமந்து வந்த உறையோ பெரும்பாலும் குப்பைக்குச் செல்கிறது. ஆனால் ஒரு கடிதம் எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, எவ்வழியாக, எந்த அரசின் பொறுப்பில் சென்றது என்பதை உறையே சொல்கிறது. ஒரே நகரத்தில் பல அரசுகளின் அஞ்சலகங்கள் இயங்கிய சீனா, இவ்வாசிப்புக்குத் தக்க களமாகும்.

சீனத்தில் அயல்நாட்டு அஞ்சலகங்கள்

முதலாம் அபினிப் போரின் முடிவில் 1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி கான்டன், அமாய், ஃபூச்சௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள் பிரிட்டிஷ் வணிகருக்குத் திறந்துவிடப்பட்டன. ஹாங்காங் பிரிட்டனுக்கு அளிக்கப்பட்டது. வணிகரைப் பின்தொடர்ந்து அஞ்சலும் வந்தது. ஹாங்காங் 1862-இல் தனக்கென அஞ்சல்தலை வெளியிட்டபின், துறைமுக நகரங்களிலிருந்த பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் அத்தலைகளே பயன்பட்டன. ஹாங்காங் தலையின்மீது ஷாங்காய் முத்திரையோ அமாய் முத்திரையோ விழுந்திருப்பதைக் கொண்டே அது சீனத்தில் பயன்பட்டது என அறியமுடிகிறது. பிரான்சு, அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா, இத்தாலி ஆகிய நாடுகளும் வெவ்வேறு காலங்களில் தம் அஞ்சலகங்களைத் திறந்தன.

சீன அரசிடம் அஞ்சல் அமைப்பு இல்லாமலில்லை. சுங்கத்துறையின் பொறுப்பில் 1878-இல் முதல் அஞ்சல்தலைகள் வெளிவந்தன. 1896-இல் அரச ஆணையால் பேரரசு அஞ்சல் நிறுவப்பட்டது. ஆயினும் சீனா உலக அஞ்சல் ஒன்றியத்தில் 1914-இல்தான் சேர்ந்தது. அதற்கு முன், உள்நாட்டு நகரிலிருந்து வெளிநாடு சென்ற கடிதங்கள் பலவற்றில், துறைமுகம் வரையிலான பயணத்திற்குச் சீனத் தலையும் கடல்வழிப் பயணத்திற்கு அயல்நாட்டுத் தலையும் ஒட்டப்பட்டன. இத்தகைய கலப்புத் தலை உறைகள் சேகரிப்பாளர்கள் மிகவும் தேடுபவை. இறையாண்மை ஒரே உறையின்மேல் இரண்டாகப் பிரிந்து கிடப்பதை அவற்றில் கண்ணால் காணலாம்.

மேலச்சு சொல்லும் செய்தி

அச்சான அஞ்சல்தலையின்மீது பின்னர் கூடுதலாக அச்சிடப்படும் எழுத்தோ எண்ணோ மேலச்சு எனப்படும். பிரான்சு 1894 முதலும் ஜெர்மனி 1898 முதலும் ரஷ்யா 1899 முதலும் ஜப்பான் 1900 முதலும் தத்தம் தலைகளின்மீது சீனத்தைக் குறிக்கும் சொல்லைத் தத்தம் மொழியில் மேலச்சிட்டன. ஹாங்காங் தலைகளில் அத்தகைய மேலச்சு 1917-இல் வந்தது. நாட்டின் பெயர் சீனாவுடையது. அதை எழுதிய எழுத்தும் வசூலித்த கட்டணமும் பிறருடையவை.

மேலச்சு நாணய மாற்றையும் காட்டும். அமெரிக்கா 1919-இல் ஷாங்காய் அஞ்சலகத்திற்கென வெளியிட்ட தலைகளில், ஒரு சென்ட் தலைமீது இரண்டு சென்ட் என்று மதிப்பு இரட்டிப்பாக மேலச்சிடப்பட்டது. அந்தப் புதிய மதிப்பு உள்ளூர்ச் சீன நாணயத்தைக் குறித்ததாகும். இதனை அறியாதவர் உறையின் கட்டணத்தைக் கணக்கிட்டால் இருமடங்கு செலுத்தப்பட்டதாகத் தவறாக முடிவு செய்ய நேரும்.

இந்தியக் கள அஞ்சலகங்களும் சென்னைப் படையினரும்

1900-இல் பாக்சர் கிளர்ச்சி வெடித்து, பீகிங் நகரிலிருந்த அயல்நாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டன. ஜெனரல் ஆல்ஃபிரட் கேஸ்லீ தலைமையில் பிரிட்டன் அனுப்பிய படையில் இந்தியப் படைப்பிரிவுகள் பெரும்பங்கு வகித்தன. 1900 ஆகஸ்ட் 14-ஆம் நாள் முற்றுகை நீங்கியது. இப்படையினரின் பயன்பாட்டிற்காக இந்திய அஞ்சல்துறை கள அஞ்சலகங்களை அமைத்தது. விக்டோரியா அரசியின் உருவம் தாங்கிய இந்திய அஞ்சல்தலைகள்மீது, சீனப் படையெடுப்புப் படை என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான சி.ஈ.எஃப். என்பது கறுப்பு மையில் மேலச்சிடப்பட்டது.

பிற நாடுகளின் மேலச்சு சீனா என்னும் இடத்தைக் குறித்தது. இந்தியத் தலையின் மேலச்சு ஒரு படையைக் குறித்தது. முன்னவை வணிகரும் குடிமக்களும் பயன்படுத்திய பொது அஞ்சலகங்களுக்குரியவை, பின்னது படைமுகாமுக்குரியது. எனினும் அது சில மாதங்களில் முடிந்துவிடவில்லை. 1901 செப்டம்பரில் கையெழுத்தான உடன்படிக்கை, தூதரகக் காவலுக்கும் பீகிங்கிலிருந்து கடற்கரை வரையிலான வழிக்காவலுக்கும் படை நிறுத்தும் உரிமையை அயல்நாடுகளுக்கு அளித்தது. ஆகவே ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோரின் உருவம் தாங்கிய இந்தியத் தலைகளும் இதே மேலச்சுடன் வந்தன. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு மேல் இந்தியத் தலைகள் சீன மண்ணில் செல்லுபடியாயின.

இந்தப் படையில் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். சென்னைச் சுரங்கப் பொறியாளர் படை 1900-ஆம் ஆண்டின் சீனப் போருக்கான போர்ப்பெருமையைப் பெற்ற பிரிவுகளுள் ஒன்று. இப்படையினரைத் ‘தம்பி’ என்று அழைக்கும் வழக்கு இன்றளவும் உண்டு. அதிகாரிகளின் ஆங்கிலக் கடிதங்கள் வீட்டாரால் பேணப்பட்டு, பின்னர் ஏலத்திற்கு வந்து, தொகுப்புகளில் இடம்பெற்றன. தம்பிகளின் கடிதங்கள் ஊர்ப்புற வீடுகளுக்குச் சென்றவை. கரையானுக்கும் ஈரத்திற்கும் தப்பினாலும் தலை கிழிக்கப்படுவதற்குத் தப்புவது அரிது. முதல் உலகப்போரில் பிரான்சு சென்ற இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலர்கள் மொழிபெயர்த்துத் தொகுத்தனர். அக்குறிப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றிலும் பெரும்பாலானவை பஞ்சாப் உள்ளிட்ட வடபகுதி வீரர்களுடையவை. எனவே தமிழ் முகவரி தாங்கிய எளிய உறை ஒன்று கிடைக்குமாயின், அதன் தலை மலிவானதாயினும் சான்று மதிப்பு பெரிது.

தமிழ்மண்ணில் ஓர் ஒப்புமை

ஓரிடத்தில் வேற்றரசின் அஞ்சலகம் இயங்குவது தமிழகம் அறியாததன்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு அஞ்சல் நடைபெற்றது. 1892 முதல் பிரெஞ்சிந்தியாவிற்கெனத் தனித் தலைகள் வந்தன. அதே புதுச்சேரியில் பிரிட்டிஷ் இந்திய அஞ்சலகமும் இருந்தது. 1954 நவம்பரில் ஆட்சி மாறியபோது பிரெஞ்சு அஞ்சல் முடிவுற்றது.

எந்த அரசின் கையில் அஞ்சல் இருந்தது என்பது எழுத்தின் விதியையும் தீர்மானித்தது. பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் 1908-இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் அது வரத் தடை ஏற்பட்டதால் 1910-இல் நின்றது. அச்சகம் பிரெஞ்சு எல்லைக்குள் பாதுகாப்பாக இருந்தும், வாசகரைச் சென்றடையும் வழி பிறர் வசம் இருந்தமையே இதற்குக் காரணம். சீனத் துறைமுகங்களில் நிகழ்ந்ததும் இவ்வதிகாரப் பங்கீடே.

உறையை வாசிக்கும் முறை

தலை, முத்திரை, கட்டணம், வழி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனக் காண்பதே உறை வாசிப்பின் அடிப்படை.

முதலாவது, தலையின் வெளியீட்டுக் காலமும் முத்திரையின் நாளும் ஒத்திருத்தல் வேண்டும். ஏழாம் எட்வர்டு உருவம் தாங்கிய இந்தியத் தலைகள் 1902-இல் வெளியாகத் தொடங்கின. 1901-ஆம் ஆண்டு முத்திரையுடன் அத்தகைய தலை காணப்பட்டால் அவ்வுறை ஐயத்திற்குரியது.

இரண்டாவது, மேலச்சு முந்தியதாகவும் முத்திரை பிந்தியதாகவும் இருத்தல் வேண்டும். உருப்பெருக்கியில் நோக்கும்போது மேலச்சின் மை முத்திரை மையின் மேலே படிந்திருந்தால், பயன்படுத்தப்பட்ட சாதாரணத் தலையில் பின்னர் போலி மேலச்சு இடப்பட்டது எனலாம். சி.ஈ.எஃப். என்பது எளிய மூன்றெழுத்து மேலச்சாதலின் போலி செய்வோர்க்கும் எளிது.

மூன்றாவது, தலைகளின் மொத்த மதிப்பு அக்காலக் கட்டணத்துடன் ஒத்துவரவேண்டும். தேவைக்கு மிகுதியாகப் பல தலைகள் ஒட்டப்பட்டிருப்பின், அவ்வுறை செய்தி அனுப்புவதற்கன்றிச் சேகரிப்பாளருக்கென்றே உருவாக்கப்பட்டதாகலாம்.

நான்காவது, உறையின் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். இடைவழி முத்திரைகளும் சென்றடைந்த அஞ்சலகத்தின் முத்திரையும் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. அவை கடிதம் சென்ற வழியையும் அதற்கு ஆன நாள்களையும் காட்டும். தலையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்த கணத்தில் இந்நான்கு சான்றுகளும் அறுந்துபோகின்றன. எஞ்சுவது படம் அச்சிட்ட ஒரு காகிதத் துண்டே.

கொங்குப் பகுதியில் செய்யத்தக்கவை

சீனம் பற்றிய இம்முறை கொங்கு நாட்டுக்கு வேற்றுப்பொருளன்று. இலங்கை, மலேயா, பர்மா ஆகிய நாடுகளிலிருந்து தமிழகம் வந்த கடிதங்களும் ஆட்சி மாற்றத்தின் தடம் சுமந்தவை. மலேயாவை ஜப்பான் கைப்பற்றியிருந்த 1942–45 காலத்தில் அங்கிருந்த பழைய தலைகள்மீது ஜப்பானிய முத்திரை மேலச்சிடப்பட்டது இதற்குச் சான்று. பெரியநாயக்கன்பாளையம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளிலும் கோவையின் பழைய ஆலை அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் கடிதக் கட்டுகளைத் தேடுவது வட்டார வரலாற்றாய்வின் பணியாகலாம்.

அவ்வாறு கிடைப்பவற்றைக் கட்டுப் பிரிக்கும் முன்னரே வரிசை மாறாமல் எண்ணிட்டுப் படமெடுத்தல் நன்று. உறையையும் கடிதத்தையும் பிரிக்காமல் ஒரே எண்ணில் வைத்தல் வேண்டும். ஒட்டுநாடாவும் பி.வி.சி. உறைகளும் தவிர்க்கத்தக்கவை, அமிலமற்ற காகித உறையே ஏற்றது. உரிமையாளர் கொடுக்க விரும்பாவிடில், இருபுறமும் படியெடுத்துப் பொருளை அவரிடமே விட்டுவரலாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், வரலாற்று மதிப்புடைய ஆவணங்கள் 75 ஆண்டுகளுக்குக் குறையாதவையாயின் அவற்றைத் தொல்பொருளாகக் கருதி, தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு அனுப்புவதைத் தடைசெய்கிறது என்பதையும் ஆய்வாளர் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

வாஷிங்டன் மாநாட்டின் முடிவுப்படி, குத்தகைப் பகுதிகள் நீங்கலாக, சீனத்திலிருந்த அயல்நாட்டு அஞ்சலகங்கள் 1922 இறுதிக்குள் மூடப்பட்டன. ஆதிக்கத்தின் தடம் உறைகளில் எஞ்சியது. அவற்றுள் எவை பேணப்பட்டன என்பதை ஏலச்சந்தையே பெரிதும் தீர்மானித்தது. சந்தை தலைக்கு விலை வைக்கிறது. முகவரிக்கும் கையெழுத்திற்கும் பின்புற முத்திரைக்கும் மதிப்பளிக்க வேண்டியவர் ஆய்வாளர். சீனம் சென்ற சென்னைப் படையினர் வீட்டிற்கு எழுதிய கடிதங்களில் எஞ்சியவை எங்கேனும் ஒரு பெட்டியடியில் இருக்குமாயின், தலை பிரிக்கப்படுவதற்கு முன் அவை படியெடுக்கப்பட வேண்டும். இப்பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இணைந்து மேற்கொள்வது காலத்தின் தேவையாகும்.