கரண்ட் வைக்கும் முன் போடும் கோடு எதற்கு?



அண்மையில் ஒரு குழுக் கூட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் அக்கா ஒருவர் வருத்தமாக இருந்தார். "வயித்துல மையால கோடு போட்டு அனுப்புனாங்க. மஞ்சளும் சோப்பும் போட்டுத் தேச்சுக் குளிச்சுட்டேன். மறுநாள் போனா, திரும்ப ஸ்கேன் எடுக்கணும்னுட்டாங்க" என்றார். மூன்று நாள் சிகிச்சை தள்ளிப்போனது. அந்தக் கோடு எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

'கரண்ட் வைக்கிறது' என்று நாம் சொல்வது கரண்ட் அல்ல, கதிர்வீச்சு. ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலிக்காது. நோயுள்ள இடத்தில் சரியாகப் பட்டால் நோயை அழிக்கும். விலகிப் பட்டால் நோய் தப்பிவிடும். நல்ல குடலும் மூத்திரப்பையும் கெடும்.

அதனால்தான் முதலில் 'அளவெடுக்கும் நாள்'. தட்டையான மேஜையில் படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் ஒளிக்கோடு உடம்பில் விழும் இடத்தில் அடையாளம் போடுவார்கள். சில இடங்களில் சின்னப் புள்ளியாகப் பச்சை குத்துவார்கள். இந்த நோய்க்கு வழக்கமாக வாரம் 5 நாள் வீதம், சுமார் 25 நாள் வெளியிலிருந்து கதிர் வைப்பார்கள். தினமும் அதே ஒளியை அதே அடையாளத்தில் பொருத்துவார்கள். கதிர் வைப்பது சில நிமிடம்தான். சரியாகப் படுக்க வைக்கத்தான் நேரம் ஆகும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

• கோட்டைத் தேய்க்காதீர்கள். எண்ணெய், மஞ்சள் வேண்டாம். அழிந்தால் நீங்களே வரைந்துவிடாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

• தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கச் சொன்னால், சொன்ன அளவு குடியுங்கள். மூத்திரப்பை நிறைந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரிலிருந்து தப்பும். அடக்க முடியாமல் போய்விட்டு வந்தால், கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

• மார்பகத்துக்கு வைக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் சொல்லிக் கொடுத்த கைப் பயிற்சியை விடாதீர்கள்.

• வாய், தொண்டைக்கு வலை போன்ற முகமூடி செய்வார்கள். மெலிந்து முகமூடி தளர்ந்தால் சொல்லுங்கள்.

• படுத்தபின் அசையாதீர்கள். மூச்சு சாதாரணமாக விடலாம். இருமல் வந்தால் கையைக் காட்டுங்கள். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

துணி விலக்கும்போது கூச்சம் வரும். போர்த்திக்கொள்ளத் துணி கேளுங்கள். பெண் ஊழியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

உங்கள் குழுவில் யாராவது சிகிச்சைக்குப் போனால், இதை வாசித்துக் காட்டுங்கள். முதல் நாள் ஒருவர் துணைக்குப் போய் வாருங்கள்.