விரல் நுனியில் ஓர் எண்

2021 ஏப்ரலில் தில்லிவாசிகளின் அன்றாடப் பேச்சில் ஓர் எண் இடம்பிடித்தது. விரல் நுனியைக் கவ்வும் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டிய அளவைக் கேட்ட பிறகே உறவினர்கள் மற்றவற்றை விசாரித்தனர். அம்மாதம் 27ஆம் தேதி ராய்கரிலிருந்து முதல் 'ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்' ரயில் தலைநகருக்கு வந்து சேர்ந்தது.

அந்நாட்களில் மருத்துவர்களையே வியக்கவைத்த செய்தி ஒன்று உண்டு. ஆக்சிஜன் அளவு 80 வரை இறங்கிய நோயாளிகள் சிலர், மூச்சுத்திணறல் ஏதுமின்றி இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தனர். மூச்சு முட்டும் உணர்வை நமக்குப் பெரிதும் உண்டாக்குவது ஆக்சிஜன் குறைவு அன்று. இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே. நுரையீரல் அவ்வாயுவை வெளியேற்றிக்கொண்டிருக்கும் வரை, ஆக்சிஜன் குறைந்தாலும் உடல் பெரிதாக எச்சரிப்பதில்லை. ஆகவே உணர்வை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்க வேண்டியுள்ளது.

கொரோனா மட்டுமே காரணமன்று. நிமோனியா, ஆஸ்துமா, புகைப்பழக்கத்தால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் இரத்தக்குழாயில் கட்டி, இதய நோய், லடாக் போன்ற உயரமான இடங்கள் எனப் பல உண்டு. குழப்பம், படபடப்பு, உதடு நீலம்பாரித்தல் ஆகியவை தோன்றினால் தாமதம் கூடாது.

பொதுவாக 95 முதல் 100 வரை இயல்பு. நகப்பூச்சை அகற்றி, சற்று நேரம் அமைதியாக அமர்ந்து, குளிர்ந்த விரலைச் சூடாக்கிய பின் அளப்பது நன்று. கருமை நிறத் தோலில் கருவி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஐயமிருப்பின் மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதிப்பர்.

ஆக்சிஜன் செலுத்துவது தற்காலிகத் தாங்குதலே. மூலநோய்க்குச் சிகிச்சை தனியே தேவை. அளவுக்கு மிஞ்சினால் இதுவும் தீங்கே. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு 88 முதல் 92 வரை போதுமென மருத்துவர்கள் நிறுத்திக்கொள்வர். வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்போர் தாமாகவே அளவைக் கூட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை.

தில்லிக் குளிரில் கருவியே ஏமாறும் தருணமும் உண்டு. மூடிய அறையில் அங்கீட்டிக் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உருவாகி, இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆபத்திலும் 98 என்றே காட்டக்கூடும். அத்தகைய அறையில் தலைவலியோ மயக்கமோ தோன்றினால், கருவியைத் தேடாமல் அனைவரும் உடனே வெளியேறி மருத்துவமனையை அடைய வேண்டும்.