கையெழுத்துப் போட முடிகிறபோதே

“கிடையில விழாம, நடமாட்டத்தோடயே போய்ச் சேர்ந்துடணும்.” அறுபதைத் தாண்டியவர்கள் கூடிப் பேசுகிற எந்த இடத்திலும் இந்த வாக்கியம் காதில் விழும். என் பெரியம்மாவும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். எண்பத்தோராவது வயதில் குளியலறை ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு நான்கு ஆண்டுகள் கட்டில்தான். சுவரில் கைப்பிடி பொருத்த ஆள் கூட்டி வந்தது விழுந்த மறுவாரம்.

முதல் சிக்கல் பணத்தில் வந்தது. சேமிப்பெல்லாம் பெரியம்மா பெயரில் மட்டும் இருந்தது. அவரால் வங்கிக்குப் போக முடியாது. இப்படிப் படுத்த படுக்கையாக இருப்பவர் வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிகளிலேயே வழி இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். எழுபது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை செய்யும்படி 2017இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கிளையில் போய்க் கேட்டால் “அப்படி ஒண்ணும் இல்லையே” என்பார்கள். எழுத்தில் கேளுங்கள். நம்பிக்கையான ஒருவரோடு கணக்கைக் கூட்டுக் கணக்காக முன்பே மாற்றிக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை. நாமினி போட்டிருக்கிறோமே என்று நினைக்காதீர்கள். நாமினிக்கு வேலை நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான்.

பலரும் ஏமாறுகிற இடம் ‘பவர்’. மகனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் கடைசிவரை அவன் பார்த்துக்கொள்வான் என்று நம்புகிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தம் தெளிவில்லாத நிலைக்குப் போனால் பவரும் செத்துப்போகிறது. அதாவது மறதிநோய் முற்றி, அந்தப் பவர் மிகவும் தேவைப்படுகிற நாளில் அது வெறும் காகிதம். பிறகு வீட்டார் காப்பாளர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருக்கும். மறதியின் முதல் அடையாளம் தெரிந்தவுடனே, நினைவு தெளிவாக இருக்கும்போதே, கணக்குகளையும் பத்திரங்களையும் ஒழுங்கு செய்துவிடுவது ஒன்றுதான் தற்காப்பு.

அடுத்தது வீடு. பார்த்துக்கொள்கிறேன் என்கிற பிள்ளைக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு கைமாறிவிடுகிறது. மனம் கசந்தபின் தனியாகப் பத்திரப் பதிவு அலுவலகம் போய் ரத்து செய்ய முடியாது. உயில் அப்படியல்ல. உங்கள் காலத்துக்குப் பிறகுதான் அது பேசும், அதுவரை எத்தனை தடவையும் மாற்றலாம். என்னைக் கேட்டால் உயில் போதும். செட்டில்மெண்ட்தான் என்றால், ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையை உங்களுக்கே வைத்துக்கொண்டு, சோறு, வைத்தியம், ஆள்துணை ஆகியவற்றைப் பெறுபவர் தர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். “பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா?” என்று பத்திரம் எழுதுபவரே முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

அந்த வரிக்குத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பலம் தருகிறது. நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், 23ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரம் செல்லாது என அறிவிக்கக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. நீதிபதி தாராளமாகப் பார்ப்பாரா என்று காத்திருப்பதைவிட ஒரு வரி எழுதி வைப்பது எளிது. பராமரிப்புச் செலவும் இதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம்; சட்டத்தில் உள்ள உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்துக்கு வாரிசாக வரப்போகிற உறவினரிடம் கேட்கலாம். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தொடங்கலாம்.

இனி ஆள். ஏஜென்சிகள் ‘ஹோம் நர்ஸ்’ என்று அனுப்புகிற எல்லோரும் நர்ஸ் அல்ல. குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, சாப்பாடு ஊட்ட அனுபவமுள்ளவர் போதும். ஊசி போட, மூக்குக் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் பார்த்துக்கொள்ள வருபவரிடம் செவிலியர் பதிவு எண் கேளுங்கள். ‘24 மணி நேர டியூட்டி’ என்றால் ஒரே ஆள் இரவும் பகலும் விழித்திருப்பார் என்று பொருளில்லை. அந்தப் பெண்ணுக்கும் தூக்கம் வேண்டும், ஊருக்குப் போக லீவு வேண்டும். அந்த நாட்களில் யார் வருவார் என்பதை முதல் நாளே எழுதி வாங்குங்கள். எங்களிடம் வந்த ஏஜென்சி ஒரு மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒன்பதாம் நாள் ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. கையில் ரசீது இல்லை. ரசீது இருந்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது.

இந்தச் சம்பளத்தை நீங்கள்தான் சேர்த்து வைக்க வேண்டும். எழுபது வயது கடந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஐந்து லட்ச ரூபாய் அரசுக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வீட்டில் ஆள் வைக்கிற செலவு அதில் வராது. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டுமல்லாமல் இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஒன்று பாக்கி. கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதையும் நீங்களே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அனுமதி தந்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று வாங்கினால் போதும். பீரோவில் பூட்டி வைத்துவிடாதீர்கள். ஒரு நகல் குடும்ப மருத்துவரிடமும், ஒன்று அருகில் இருக்கிற பிள்ளையிடமும் இருக்கட்டும்.