கிணற்றில் இறங்கும் முன் காற்றை அளந்து பாருங்க

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் பழைய கிணறுகளுக்குக் குறைவில்லை. தூர் வாரவும் மோட்டாரைக் கழற்றவும் இறங்குகிறோம். சாண எரிவாயுத் தொட்டியைச் சுத்தம் செய்யவும் இறங்குகிறோம். மேலே நல்ல காற்று வீசும்; அடியில் உயிரை எடுக்கும் காற்று தேங்கி நிற்கும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். கிணற்றில் விழுந்த இலைதழை மட்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, கரியமில வாயுவை விடும். அது காற்றைவிடக் கனம், அடியிலேயே தங்கிடும். ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே இருந்தால் ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி. 10-க்குக் கீழே போனால் ஆளைக் கூப்பிடக்கூட நேரமிருக்காது.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பெரியவங்க வழக்கம். ஆனால் விளக்கு அணைவது 16 சதவீதம் வாக்கில்தான். சாண எரிவாயு உள்ள இடத்தில் தீயே ஆபத்து. அதனால் ஆக்சிஜன் மீட்டர்தான் நல்லது. ஒருவரால் முடியாட்டி குழுவாகச் சேர்ந்து வாங்கலாம்.

பயன்படுத்தும் முறை:

1. வெட்டவெளியில் ஆன் செய்து, எண் நிலைக்கும்வரை பொறுங்க. பிறகு 20.9-க்குச் சரிசெய்யுங்க. கிணற்று மேட்டிலோ, தொழுவத்திலோ, என்ஜின் புகையிலோ இதைச் செய்யவே கூடாது. 19 சதவீதம் உள்ள இடத்தில் 20.9 என்று பதிந்துவிட்டால், பிறகு உண்மையில் 18 இருக்கும்போது மீட்டர் 19.8 காட்டும். அலாரம் அடிக்காது.

2. சென்சார்மேல் மெதுவா ஊதுங்க. நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16, 17 சதவீதம்தான். எண் இறங்கி அலாரம் அடிக்கணும். பிறகு பழையபடி ஏறணும். இல்லாட்டி அந்த மீட்டரை நம்பாதீங்க.

3. கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் இரண்டு நிமிடம் நிறுத்துங்க. மேலே தூக்கும்போது எண் மாறிடும். அதனால் குறைந்தபட்ச அளவைப் பதியும் மீட்டராகப் பார்த்து வாங்குங்க.

பல சென்சார்களுக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தீரும். வாங்கிய தேதியை மீட்டரிலேயே எழுதி வையுங்க.

இன்னொன்று: ஆக்சிஜன் மீட்டர் நச்சு வாயுவைக் காட்டாது. டீசல் என்ஜின் புகைக்கும், சாணத்தொட்டிக்கும் நான்கு வாயு மீட்டர் வேணும். அது இல்லாட்டி தொட்டிக்குள் இறங்காதீங்க.

ஒருத்தர் உள்ளே விழுந்தால் பின்னாடியே குதிக்காதீங்க. இறங்குகிறவர் இடுப்பில் கயிறும், மேலே இழுக்க ஆளும் முதலிலேயே இருக்கணும்.