ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம்!

உங்கள் வீட்டுப் பிரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கதவு ஓரத்தில் நாலு தண்ணீர் பாட்டில்கள் இருக்கும். நாலின் அடியிலும் ஒரு வாய்த் தண்ணீர் இருக்கும். ஒன்றாவது சுத்தமாகக் காலியாக இருக்கிறதா? இருக்காது. ஏன் என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

பாட்டிலைக் காலி செய்தவர்தான் அதை நிரப்பி வைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஒரு வாய் மிச்சம் இருந்தால் காலி செய்ததாக ஆகாது அல்லவா? ஆகவே அப்பா ஒரு வாய் மிச்சம் வைப்பார். பிள்ளை அதில் பாதியைக் குடித்து மீதியை வைப்பான். பெண் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்ப வைப்பாள். கடைசியில் தாகத்தோடு வரும் அம்மா பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு பெருமூச்சு விடுவாள். நாலையும் நிரப்பி வைப்பாள். பெரிய பெரிய வக்கீல்களுக்கும் தோன்றாத சட்ட நுணுக்கம் இது!

இந்தப் பாட்டில் ரகசியத்தை எனக்குச் சொன்னவர் ஓர் அம்மாள். இடம், மேல்மலையனூர். நேரம், ஓர் அமாவாசை ராத்திரி.

மேல்மலையனூர் தெரியும் அல்லவா? விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து போகிறவர்கள் திண்டிவனம் போய், செஞ்சியைத் தாண்டிப் போகவேண்டும். அங்காளபரமேஸ்வரி அம்மன் புற்றோடு குடிகொண்ட தலம். அமாவாசைதோறும் நள்ளிரவில் அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கும். ஸ்பெஷல் பஸ்கள் வரிசை வரிசையாக வந்து நிற்கும். பொழுது சாய்வதற்கு முன்பே பெண்கள் துண்டை விரித்து இடம் பிடித்துவிடுவார்கள்.

நானும் அப்படி இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "வீட்டை விட்டுவிட்டு எப்படி அக்கா வந்தீங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கே விட்டேன்? காலையிலேயே மூணு வேளைக்கும் ஆக்கி வெச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். இன்னிக்கு ராத்திரி ஒண்ணுதான் அடுப்புக்கும் எனக்கும் லீவு" என்றாள்.

சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? அவரவர் வீட்டுச் சோம்பேறிகள் ஒவ்வொருவராகச் சபைக்கு வந்தார்கள்.

ஒருத்தி வீட்டுக்காரர், மனைவிக்கு ஜுரம் என்றால் ரொம்பவும் அக்கறையாக, "நீ படுத்துக்கோ, நானே காப்பி போடறேன்" என்பாராம். சமையற்கட்டுக்குள் போனதும் கேள்விகள் புறப்படுமாம். "பால் எங்கே? வடிகட்டி எது? இது சர்க்கரையா, உப்பா? அடுப்பு எந்தப் பக்கம் திருகணும்?" ஆறாவது கேள்விக்கு அவளே எழுந்து வந்துவிடுவாளாம். "நான் போடறேன்னுதானே சொன்னேன், நீ ஏன் எழுந்து வந்தே?" என்று கடிந்துகொண்டே டம்ளரை வாங்கிக்கொள்வாராம்!

இன்னொருத்தியின் பிள்ளை குளிக்கிற அழகைக் கேளுங்கள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும்படி வைப்பான். ஈரக் கையால் தலையைத் தடவுவான். துண்டை நனைத்துப் பிழிவான். பத்து நிமிஷம் கழித்து, "அப்பாடா, என்ன குளிர்ச்சி!" என்று வெளியே வருவான். இத்தனை பிரயத்தனத்துக்குக் குளித்தே தொலைத்திருக்கலாம்!

குப்பைக் கூடை விஷயத்தில் எல்லோர் வீட்டிலும் ஒரே கதைதான். கூடை நிரம்பினால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆகவே அது ஒருநாளும் நிரம்பாது. ஆளுக்கு ஒரு தடவை அமுக்குவார்கள். கோபுரம் மாதிரி எழுந்தாலும், அதன் உச்சியில் வாழைப்பழத் தோலை மெல்லச் சாத்திவிட்டு, சரியாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே நழுவுவார்கள்.

"ஆம்பிளைங்களையே சொல்றீங்களே, நாம மட்டும் என்னவாம்?" என்றாள் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண். தன் குட்டுகளைத் தானே அவிழ்த்தாள். வாசலில் பெயிண்டால் ஒரே தடவை கோலம் போட்டுவிட்டாளாம். விடிகாலையில் தண்ணீர் தெளிப்பதோடு சரி. இட்லிக்கு ஒருநாள் அரைத்தால் நாலு நாளைக்கு ஓட்டுவாளாம். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம், நாலாம் நாள் பணியாரம். மாவு ஒன்று, அவதாரம் நாலு! புடவையை ஈரம் காயுமுன் நீவி மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்துவிட்டால் காலையில் இஸ்திரி போட்டாற்போல் இருக்குமாம். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்று ஏதாவது காரணம் சொல்லி வாழை இலையில் பரிமாறிவிடுவாளாம். "மாமியாருக்கு என் பக்தியை நினைச்சு ஒரே பூரிப்பு. தட்டு கழுவற வேலை மிச்சம்னு எனக்குப் பூரிப்பு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஓர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அறுபது வயது இருக்கும்.

"என்ன பெரியம்மா, உங்க வீட்டுக் கதை ஒண்ணும் இல்லையா?" என்றாள் அந்த இளம்பெண்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மூணு வருஷத்துக்கு முந்தி வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சுது. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னுதான் முப்பத்தஞ்சு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுன்னு அவரே சொல்லுவார். கட்டுப் போட்ட மூணாம் நாள் காப்பி போட்டுக் கொண்டாந்து கொடுத்தார். குடிச்சுப் பார்த்தேன். நான் போடறதைவிட நல்லா இருந்தது. அன்னிக்கு அழுதேன். கை வலின்னு நினைச்சுக்கிட்டாங்க."

அப்புறம் வெகு நேரம் யாரும் பேசவில்லை.

எனக்கு அந்த நிமிஷம்தான் ஒன்று புரிந்தது. சோம்பல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒன்றல்ல, இரண்டு. வேலையையே குறைக்கிற சோம்பல் ஒன்று. வேலையை அப்படியே இன்னொருவர் தலையில் தள்ளுகிற சோம்பல் மற்றொன்று. வாழை இலைக்காரி தட்டு கழுவவில்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாரும் கழுவவும் இல்லை. அது சாமர்த்தியம். பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் வைக்கிறவர் வேலையைக் குறைக்கவில்லை. அந்த வேலை அம்மாவுக்காகக் காத்திருக்கிறது. அது தந்திரம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "கடைசியில் அந்த வேலையை யார் செய்தார்?"

முதல் வகைச் சோம்பலுக்கு நாம் கோவில் கட்டலாம். அமெரிக்காவில் கில்பிரெத் என்று ஒருவர் இருந்தார். ஒரு வேலையைச் செய்ய எது சுலபமான வழி என்று ஆராய்வதே அவர் தொழில். கொத்தனார்கள் ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் செய்வதைக் கவனித்தார். அதை நாலரையாகக் குறைத்துவிட்டார்! 1924-ல் அவர் காலமான பிறகு, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற அவர் மனைவி லில்லியன் அதே கண்ணோடு சமையலறையைப் பார்த்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டி, பிரிட்ஜ் கதவுக்குள் தட்டுகள், இவற்றை யோசித்த பெருமையை அவருக்குத்தான் தருகிறார்கள். நம் வீட்டுத் தண்ணீர் பாட்டில்கள் நிற்கிற இடம் இப்படித்தான் வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? குழவியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்ற நம் பாட்டிமார் எத்தனை பேர்! 1955-ல் கோயமுத்தூரில் பி. சபாபதி என்பவர் கிரைண்டரை உருவாக்கினார். இன்றைக்குக் கோயமுத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தையே தொடங்கியது. குழவி சுற்றாத பெண்ணைச் சோம்பேறி என்று இன்று யாராவது சொல்வார்களா?

ஆனால் ஒரு வேடிக்கை. கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது, காஸ் அடுப்பு வந்தது. வீட்டு வேலை சமமாகப் பங்கு போடப்பட்டதா? 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை, நம் ஜனங்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களுக்குள்ளும், பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! பாட்டில்களின் அடியில் மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீர்தான் இப்படித் துளித்துளியாகச் சேர்ந்து ஐந்து மணி நேரம் ஆகிறது.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயர் வைக்கவில்லை. 'உரிமைத் தொகை' என்றே வைத்தது. வீட்டுக்குள் செய்வதும் உழைப்புத்தான் என்பதற்கு அந்த ஒரு சொல் சாட்சி.

திருவள்ளுவரையும் விடவில்லை நான். சோம்பலைக் கண்டித்து 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். அதை எங்கே வைத்தார் தெரியுமா? இல்லறவியலில் இல்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார்! அறிவுரை அரசர்களுக்கு. இல்லத்தரசிகளுக்குச் சோம்ப நேரம் ஏது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

நள்ளிரவு நெருங்கியது. மேளச் சத்தம் கேட்டது. அம்மன் ஊஞ்சலில் எழுந்தருளினாள்.

இந்தத் தலத்தின் கதையே ஒரு சமையல் கதைதான். பிரம்மாவின் தலையைக் கொய்ததால், அந்தக் கபாலம் சிவபெருமான் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் பிட்சை வாங்குகிற அன்னத்தை எல்லாம் அதுவே தின்று தீர்த்தது. ஊர் ஊராக அலைந்து மலையனூருக்கு வந்தார். அம்பிகை அன்னத்தை மூன்று கவளமாக உருட்டினாள். இரண்டைக் கபாலத்தில் இட்டாள். ருசி கண்ட கபாலம் மூன்றாவதற்காக வாயைப் பிளந்தது. அதைத் தரையில் சூறை விட்டாள். பொறுக்கித் தின்னக் கபாலம் கையை விட்டு இறங்கியது. அவ்வளவுதான்! விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்து அடக்கினாள் அங்காளம்மன். மாசி மாதம் நடக்கிற மயானக் கொள்ளை இந்தக் கதையை ஒட்டிய விழாதான்.

அத்தனை வேலை செய்த தாயை அமாவாசைதோறும் ஊஞ்சலில் உட்கார வைக்கிறார்கள். "இன்றைக்கு நீ எழுந்திருக்காதே அம்மா" என்று சொல்வதுபோல் ஆட்டுகிறார்கள், தாலாட்டுப் பாடுகிறார்கள். ஆயிரமாயிரம் கைகளில் கற்பூரம் எரிகிறது. பக்கத்தில் பார்த்தேன். அந்தப் பெரியம்மா கற்பூரத்தை ஏந்திக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. கட்டுப் பிரித்த கைதான் அது.

"கட்டுப் பிரிச்ச அப்புறம் காப்பி யார் போடறாங்க பெரியம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலையிலே அவர், சாயங்காலம் நான்" என்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

விடிகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். பிரிட்ஜைத் திறந்தேன். நாலு பாட்டிலிலும் ஒரு வாய்த் தண்ணீர். நான் குடிக்கவில்லை. நிரப்பவும் இல்லை. சாப்பாட்டு மேஜையின் நடுவில் நாலையும் வரிசையாக நிற்க வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எழுந்து வந்து பார்த்தபோது மூன்று பாட்டில்கள் கழுத்துவரை நிரம்பியிருந்தன. நாலாவதில் மட்டும் ஒரு வாய் மிச்சம்.

இருக்கட்டும். அடுத்த அமாவாசைக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறதே!