மழைக்கு முன் மாடி ஏறுங்கள்

2014 நவம்பர் 29. வடகிழக்குப் பருவமழையில் நனைந்து ஊறிப்போயிருந்த புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் சரிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய நகராட்சி மன்றம் அது. உலக வங்கி உதவியோடு, சுமார் 15 கோடி ரூபாய் செலவில், பழைய முகத்தோற்றம் மாறாமல் அதே இடத்தில் மறுபடி எழுப்பி, 2021 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டி நின்ற சுண்ணாம்புக் கட்டடத்துக்கு மழையே எமனானது.

அந்தக் காலத்துக் கொத்தர்களுக்கு மழையைத் தெரியாமலில்லை. பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளில் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். மரக்கட்டைகளின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டும் கட்டை எகிறினால் தளம் இறுகிவிட்டது என்று கணக்கு. கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட தளமும் பராமரிப்பு நின்றால் தோற்றுவிடும். சருகு அடைத்த தண்ணீர்க் குழாய் வாய், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று, இவை இரண்டே போதும். தேங்கிய நீர் சுவருக்குள் இறங்கி, அங்கே புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை இற்றுப்போகச் செய்யும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நுனி தெரியவே தெரியாது.

அதே ஊரில் வேறொரு வழியைக் காட்டி நிற்கிறது அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம். தட்டையான தளத்துக்கு மேல், வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. வெயிலையும் மழையையும் முதலில் வாங்கிக்கொள்வது மேல் ஓடு. பசுமைக் கட்டடம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்த காரியம் இது!

இன்று பெரிய அரசுக் கட்டடங்களின் மாடியில் தோட்டம் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மண்ணைக் கொட்டிய பிறகு கசிவைத் தேடுவது பெரும்பாடு. தளத்துக்குச் சரிவு, நீர்காப்புப் படலம், வேர் துளைக்காத தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி, அதற்குப் பிறகுதான் மண். படலம் ஒட்டியதும் தளத்தில் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் விட்டு, அடியில் ஈரம் பூக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

நிலத்தடித் தளம் இன்னும் கறாரானது. கடலோர மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. நீர்காப்பை வெளிப்புறத்தில், மண் மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கட்டடத்தின் எடை போதிய அளவு ஏறும்வரை மோட்டார் இறைப்பையும் நிறுத்தக் கூடாது. அவசரப்பட்டு நிறுத்தினால், காலித் தொட்டியைப் படகு போல நிலத்தடி நீர் மேலே தூக்கிவிடும்.

கடுக்காயும் காலாவதியாகிவிடவில்லை. பக்கத்து ஆரோவில்லில், எர்த் இன்ஸ்டிடியூட் மழைநீர்த் தொட்டிகளுக்குப் பூசும் கலவையில் மண், மணல், சிமென்ட், சுண்ணாம்பு, படிகாரத்தோடு கடுக்காய்ச் சாறும் சேர்கிறது.

பருவமழை அக்டோபரில் வந்துவிடும். பொதுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்கள் செப்டம்பரிலேயே ஒருமுறை மாடி ஏறி, குழாய் வாயில் கைவிட்டுச் சருகை அள்ளிவிட்டு இறங்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்கான தொகையை, கட்டுமான டெண்டரிலேயே சேர்த்து எழுதுங்கள்.

(தொடரும்)